முடிதானே என்கிறார்கள்

மைசூரிலிருந்து ஊட்டிக்குச் செல்லும் சாலையில், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்தில், கபிலை என்றும் கபினி என்றும் வழங்கும் நதியின் கரையில் கோயில் கொண்டிருக்கும் நஞ்சன்கூட்டு ஸ்ரீகண்டேசுவரரின் சந்நிதிக்கு, முடி கொடுப்பதாக நேர்ந்துகொண்ட குடும்பங்கள் வருஷம் முழுவதும் வந்துகொண்டே இருக்கின்றன. நஞ்சுண்ட அந்தத் தெய்வத்தை நோய் தீர்க்கும் வைத்தியராகவே வணங்குவது அந்தப் பிரதேசத்து மரபு. தம் யானையின் கண்நோய் குணமானதற்கு நன்றியாகத் திப்பு சுல்தான் மரகத லிங்கம் ஒன்றைச் சமர்ப்பித்து, 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று அவரைப் போற்றினார் என்று அங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மொட்டையடித்துக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு ஆற்றங்கரையில் நடந்து போகும் சிறுமிக்கோ கிழவிக்கோ அங்கே வெட்கம் என்பது கிடையாது. அதே சாலை வழியாகத்தான் குண்டலுப்பேட்டையிலிருந்தும் சாமராஜநகரிலிருந்தும், மாநில எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டைச் சேர்ந்த தாளவாடி, கூடலூர்ப் பக்கங்களிலிருந்தும், புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஸ்திரீகள் மைசூருக்கு வந்து போகிறார்கள்; இரண்டாம் முறை கீமோ ஏற்றிக்கொண்டு திரும்புகிற காலத்தில் அவர்களில் அநேகருடைய தலையும் அப்படித்தான் ஆகிவிட்டிருக்கிறது; ஆனால் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் முந்தானையை நெற்றிவரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவர்களுடைய முகத்தைப் பார்த்தால், கொடுத்த தலைக்கும் பறிகொடுத்த தலைக்கும் உள்ள வித்தியாசம் எவருக்கும் தெரிந்துவிடும்.

இந்தத் துக்கத்தை அவர்கள் வாய்விட்டுச் சொன்னால் கிடைக்கும் ஆறுதல் ஒரே மாதிரியானது. "முடிதானே அம்மா, போனால் வளர்ந்துவிட்டுப் போகிறது, உயிர் பிழைத்தால் போதாதா?" என்று கணவன் சொல்கிறான், நாத்தனார் சொல்கிறாள், அடுத்த வீட்டு மாமி சொல்கிறாள், அவசரத்தில் இருக்கும் வைத்தியரும் சொல்கிறார். சொல்கிறவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும், உயிரையும் மயிரையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துக் காட்டி, எதிரில் இருப்பவளின் வாயை அடைத்துவிடும் இந்த வார்த்தையில் இரக்கத்தைவிட அவசரமே அதிகம் என்பதும், சிகிச்சையின் ஓர் அங்கமாக முன்கூட்டியே எடுத்துச் சொல்லி, ஏற்பாடு செய்து, பராமரிக்கப்பட வேண்டிய ஒரு சங்கடத்தை நம்முடைய ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் இந்த வார்த்தைக்குப் பின்னால் ஒதுக்கி வைத்திருக்கின்றன என்பதும் என் அபிப்பிராயம்.

முடி ஏன் உதிர்கிறது என்பதைப் பலருக்கு யாரும் விளக்குவதில்லை. மனிதனுடைய தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உண்டு. அவற்றில் 85 முதல் 90 சதவிகிதம் எந்தச் சமயத்திலும் வளரும் பருவத்திலேயே இருக்கின்றன. அந்த முடிகளின் வேர்க்கால்களில் உள்ள உயிரணுக்கள் சரீரத்திலேயே மிக விரைவாகப் பெருகுகின்றவற்றைச் சேர்ந்தவை. விரைவாகப் பெருகுவதையெல்லாம் தேடிப் பிடித்து அழிப்பதே கீமோ மருந்தின் சுபாவமாதலால், புற்றையும் வேர்க்காலையும் பிரித்துப் பார்க்கும் விவேகம் அதற்கு இல்லை. நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று அஞ்சிச் சொல்லும் டாக்ஸோரூபிசினும், சைக்ளோஃபாஸ்ஃபமைடும், பாக்லிடாக்சல், டோசிடாக்சல் ஆகியவையும் தலையை அநேகமாக முழுவதும் வெறுமையாக்கிவிடுகின்றன; வேறு சில மருந்துகள் முடியைச் சற்று மெலிய வைப்பதோடு விட்டுவிடுகின்றன. இதில் ஒரு விநோதத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மைசூரின் பழைய வீட்டு முற்றங்களிலும் நம்முடைய ஊர்ப் புறங்களிலும் பூஜைக்கென்று வளர்க்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான், 1950-களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆராய்ச்சிகளின் பயனாக, வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற மருந்துகள் பிரித்தெடுக்கப்பட்டன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த அந்தப் பூச்செடி, அவர்களுடைய தலைமுடியில் கொஞ்சத்தையும் வாங்கிக்கொண்டுதான் அந்த உபகாரத்தைச் செய்தது.

முடி உதிர்வதைப் பற்றியாவது ஏதோ கொஞ்சம் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் வரும் வலியைப் பற்றி எவரும் பேசுவதே இல்லை. முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு அல்லது மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்கும். அதற்குச் சில நாள் முன்பாகவே, இறுகப் பின்னிய சடையை இரவும் பகலும் அவிழ்க்காமல் வைத்திருந்தது போல மண்டைத் தோல் முழுவதும் ஒரு வலி எழும்புகிறது. சீப்பு பட்டால் வலிக்கும், தலையணையில் பக்கம் மாறிப் படுத்தால் வலிக்கும், காற்றில் முடி அசைந்தால்கூடச் சிலருக்கு வலிக்கும். கூடவே அரிப்பும், எரிச்சலும், ஊசியால் குத்துவது போன்ற குறுகுறுப்பும் சேர்ந்துகொள்ளும். வேர்க்கால்களைச் சுற்றியுள்ள தோல் மருந்தின் வேகத்தால் அழற்சி அடைவதே இதன் காரணம் என்று கருதுகிறார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் இந்த வலிக்கு ஆளாகும் ஒருத்தி, நோய்தான் மூளைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்து, அந்தப் பயத்தை வீட்டாரிடம் சொல்லவும் துணியாமல், இரவெல்லாம் விழித்துக் கிடக்க நேர்கிறதே, அந்தத் துன்பம் முழுவதும் இரண்டு நிமிஷப் பேச்சினால் தவிர்த்திருக்கக் கூடியது அல்லவா?

வலியைக் குறைக்கும் வழிகள் பெரிய ரகசியங்கள் அல்ல. முடி உதிரத் தொடங்குமுன் கத்தரித்துக் குட்டையாக்கிக்கொண்டால், நீண்ட கூந்தலின் பாரம் நோகும் தோலைப் பிடித்திழுப்பது நிற்கிறது. கொத்துக் கொத்தாகக் கையோடு வருவதைக் காணும் அதிர்ச்சியும் குறைகிறது. முழுவதும் எடுத்துவிடுவதானால் சவரக் கத்தியை அண்ட விடாமல் மின்சார மிஷினால் எடுப்பதே உசிதம். ஏனென்றால் கீமோ காலத்தில் இரத்தத்தின் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருக்கும், கத்தியால் ஏற்படும் ஒரு சிறு கீறல்கூடச் சீழ் பிடிக்கவோ இரத்தம் நிற்காமல் கசியவோ இடமாகிவிடும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும், சீயக்காயும் அரப்பும் போட்டு அரக்கித் தேய்ப்பதும், சாயமும் அந்த மாதங்களில் கூடா. வெதுவெதுப்பான நீரும், காரமில்லாத ஷாம்பூ கொஞ்சமும், தேய்க்காமல் ஒற்றி எடுக்கும் பழைய பருத்தித் துணியும் போதும். தோல் வறண்டு போனால் சுத்தமான தேங்காயெண்ணெயை விரல் நுனியால் மெல்லத் தடவலாம். மைசூர் சந்தனத்திற்குப் பெயர் போன ஊர். 1916-இல் மகாராஜாவின் அரசாங்கம் தொடங்கிய சந்தன எண்ணெய்த் தொழிற்சாலையின் பெருமையை இன்றும் ஊரார் சொல்லிக்கொள்கிறார்கள். ஆகையால் குளிர்ச்சி என்று நினைத்துச் சந்தனத்தையும் வாசனைத் தைலங்களையும் அரைத்தும் வாங்கியும் வந்து தடவிவிடும் உறவினர்களுக்கு இங்கே குறைவில்லை. அன்பு மிகுந்த காரியம்தான். ஆனால் நொந்த தோலுக்கு வாசனைப் பொருள் எதுவும் எரிச்சலையே தரக்கூடும். கரிசலாங்கண்ணித் தைலத்தையும் சிகிச்சை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சந்தனத்தைவிட இவ்வூரின் பட்டு அதிகம் உதவும்: நைந்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய மைசூர்ப் பட்டுப் புடவையின் சரிகையில்லாத பகுதியைக் கிழித்துத் தலையணைக்கு உறையாகத் தைத்தால், நோகும் தலை அதன்மேல் உராயாமல் வழுக்கும். மார்கழி, தை மாதங்களின் மைசூர்க் குளிருக்கு மெல்லிய பருத்திக் குல்லாயும், பங்குனி வெயிலுக்குக் குடையும் வேண்டும். தலையில் சீழ்க் கொப்புளங்கள் கிளம்பினாலோ, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் காய்ச்சல் கண்டாலோ, கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அது தலைமுடியின் விஷயம் அல்ல, உயிரின் விஷயம்.

இனி, சரீரத்தின் வலி ஒரு பாதியானால் மறு பாதிக்கு வருகிறேன். கூந்தலுக்காக அழும் பெண்ணை அழகுப் பித்துக் கொண்டவள் என்று ஜனங்கள் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். அவள் அழுவது அதற்காக மட்டும் அல்ல. மார்பிலோ கருப்பையிலோ இருக்கும் நோயை ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைக்க முடியும். தலை வெறுமையானவுடன் அது தெருமுழுவதும் தமுக்கடித்த செய்தியாகிவிடுகிறது. வீட்டுக்காரர் விசாரிப்பார், காய்கறிக்காரி விசாரிப்பாள், கலியாணத்திற்கு நிற்கும் மகளைப் பெண் பார்க்க வரவிருந்தவர்கள் வேறு ஏதோ காரணம் சொல்லித் தேதியைத் தள்ளிப் போடுவார்கள். தன் நோயை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவளுக்கே உரியது. அந்த உரிமை அவளைக் கேளாமலே பறிபோகிறது என்பதுதான் காரியத்தின் சாரம். கூந்தல் போய்விடும் என்ற பயத்தினால் கீமோவே வேண்டாம் என்று மறுத்துவிடும் ஸ்திரீகள் எல்லாத் தேசங்களிலும் உண்டு என்பதை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் குறித்து வந்திருக்கிறார்கள்.

நம்முடைய நாட்டில் இதற்குமேல் ஒரு பழைய நிழலும் உண்டு. கோயிலுக்கு வெளியே ஒரு பெண்ணின் மழித்த தலைக்கு நம் பெரியோர்கள் கொடுத்திருந்த பொருள் ஒன்றே ஒன்று. பிராமணக் குடும்பங்கள் பலவற்றில், மைசூர்ச் சீமையிலும் தமிழ் நாட்டிலும் ஒருபோலவே, கணவனை இழந்த ஸ்திரீயைக் கட்டாயமாக மழித்து மூலையில் உட்கார்த்தும் கொடுமை சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலும் நடந்துகொண்டிருந்தது. பாலிய விதவையான சகோதரி சுப்புலட்சுமியைத் தலை மழிக்க விடாமல் காத்து, படிக்க வைத்து, 1911-இல் பட்டதாரியாக்கிய தகப்பனாரின் துணிச்சல் அந்நாளில் எவ்வளவு அரிதாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் வழக்கத்தின் பலம் விளங்கும். கன்னடத்தில் எம். கே. இந்திரா எழுதி 1976-இல் வெளிவந்த 'பணியம்மா' என்ற நாவலும், பிரேமா காரந்த் அதைத் தழுவி எடுத்த திரைப்படமும் இந்தக் கொடுமையையே பொருளாகக் கொண்டவை. அவற்றைப் படித்தும் பார்த்தும் கண்ணீர் விட்ட பாட்டிமார்கள் மைசூரின் அக்ரகாரங்களில் இன்னும் இருக்கிறார்கள். வழக்கம் ஒழிந்தது, வழக்கத்தின் அச்சம் ஒழியவில்லை. கணவன் பக்கத்தில் இருக்கும்போதே தலை வெறுமையாகிவிட்ட ஒருத்தியை, வளைகாப்பிலும் கிருகப்பிரவேசத்திலும் முன்வரிசைக்கு அழைக்கத் தயங்கும் குடும்பத்தார், தாங்கள் ஏன் தயங்குகிறோம் என்பதைத் தங்களுக்கே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை முழம் முழமாக அளந்து விற்கும் ஊரில், சூடிக்கொள்ளக் கூந்தல் இல்லாதவளுக்கும் வெற்றிலைத் தட்டோடு பூவை எடுத்துக் கையில் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆண்களுக்கு இந்தப் பழைய பொருளின் சுமை இல்லை என்பது உண்மைதான். ஆனால் மீசையும் புருவமும் இமைமயிரும் போய்விட்ட முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது அவர்களுக்கும் சுகமான அனுபவம் அல்ல. நண்பர்கள் செய்யும் பரிகாசத்தைச் சிரித்து ஏற்றுக்கொள்வதற்கு அவர்கள் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள் என்பது ஒன்றே வேற்றுமை.

இதற்கெல்லாம் பரிகாரமாக இப்போது பிரபலமாகியிருப்பது கேச தானம். 2019-இல் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாலக்குடையில் போலீஸ் உத்தியோகத்தில் இருந்த அபர்ணா லவகுமார், முழங்கால் வரை நீண்ட தம் கூந்தலை முழுவதும் மழித்துப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தது தேசமெங்கும் பேசப்பட்டது. சென்னையிலும் இதற்கென்றே நடக்கும் தரும ஸ்தாபனங்கள் உண்டு. கல்லூரிகளில் மாணவிகள் வரிசையாக நின்று கூந்தல் கொடுக்கும் காட்சியைப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கிறோம். அந்தப் பெண்களின் மனசை நான் வணங்குகிறேன். என்றாலும் இந்தத் தேசத்தில் கேசத்துக்குப் பஞ்சம் என்று நினைப்பது தவறு. திருமலையில் பக்தர்கள் கொடுக்கும் கேசத்தை டன் கணக்கில் ஏலம் விட்டு தேவஸ்தானம் வருமானம் பெறுகிறது; அதில் பெரும் பகுதி கடல் கடந்து போய், சீனாவிலும் ஐரோப்பாவிலும் விக்குகளாக மாறி விலைபோகிறது. பஞ்சம் இருப்பது, அந்த முடியை இழை இழையாக வலையில் கோக்கும் கையின் கூலிக்கும், தலையின் அளவு பார்த்துப் பொருத்திவிடும் ஆளுக்கும், அந்தச் செலவைத் தாங்கும் பணத்துக்குமே. இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவத் துறை, கீமோவினால் முடி இழந்தவர்களுக்கு விக் பெற்றுக்கொள்ள உதவுவதையும், வறியவர்களுக்கு அதன் செலவை ஏற்பதையும் சிகிச்சையின் பகுதியாகவே செய்து வருகிறது. கர்நாடகத்தில் 2018 முதல் நடக்கும் ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்ய கர்நாடகத் திட்டத்தின்கீழ் ஏழைகளுக்குக் கீமோ கிடைக்கிறது என்பது பெரிய புண்ணியம். அதே மருந்து பறித்ததை ஈடு செய்யும் ஒரு சாதாரணச் செயற்கை இழை விக்கும், அதன் அடியில் அணியும் பருத்திக் குல்லாயும் அந்த உபகாரத்தோடு சேர்ந்து வந்தால் கஜானா காலியாகிவிடாது. வேண்டாம் என்பவர்கள் வேண்டாம் என்று சொல்லட்டும். மைசூர் வெயிலில் விக் அரிக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டு, துப்பட்டாவோடோ வெறுந்தலையோடோ நிமிர்ந்து நடப்பவர்களும் இருக்கிறார்கள். அது அவர்களுடைய இஷ்டம். தைரியத்தின் அடையாளமாக எல்லாரும் வெறுந்தலையோடுதான் நடக்க வேண்டும் என்று உபதேசம் செய்வதும், மூடித்தான் ஆகவேண்டும் என்பதைப் போலவே எனக்கு உவப்பானதல்ல.

முடி உதிராமலே தடுக்க வழியில்லையா என்றால், உண்டு, ஓரளவுக்கு. மருந்து ஏறுவதற்கு அரை மணி முன்னரே தொடங்கி, ஏறி முடிந்து மேலும் ஒன்றரை மணிவரை தலையைக் கடுங்குளிரில் வைத்திருந்தால், தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, வேர்க்கால்களுக்குப் போகும் மருந்து குறைகிறது. இதற்கான குளிர்க் குல்லாய் இயந்திரங்களில் ஒன்று, பீர் குளிர்விக்கும் சாதனங்கள் செய்து வந்த இங்கிலாந்துக் குடும்பமொன்றின் கண்டுபிடிப்பு. அந்த வீட்டு அம்மாளுக்குக் கீமோவில் முடி கொட்டிப்போனதைக் கண்ட கணவர் தம் தொழிலின் யுக்தியை இதற்குத் திருப்பினார். 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரீட்சையில், இந்த இயந்திரத்தைப் பயன்படுத்திய மார்புப் புற்றுநோயாளிகள் 95 பேரில் 48 பேருக்கு முடி நின்றது. பயன்படுத்தாத 47 பேரில் ஒருவருக்கும் நிற்கவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்து 2020-இல் வெளியான ஆராய்ச்சியிலும் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குப் பலன் தெரிந்தது. இரத்தப் புற்றுநோய்களுக்கு இது ஆகாது; 'சிவப்பு மருந்து' ஏறும் முறைகளில் பலன் குறைவு. பெருநகரங்களின் தனியார் ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் பணம் கொடுத்தால் கிடைக்கிறது. ஆனால் ஒரே நாற்காலிக்கு நாலு பேர் காத்திருக்கும் அரசாங்க வார்டுகளில், ஒவ்வொருவரையும் கூடுதலாக இரண்டு மணி நேரம் உட்கார்த்தி வைப்பது நடக்கிற காரியம் அல்ல. ஆகையால் மைசூருக்கு முதலில் வேண்டியது இந்த இயந்திரம் என்று நான் வாதாடப் போவதில்லை.

முதலில் வேண்டியவை இதைவிட மிகவும் மலிவானவை. மைசூரில் கிருஷ்ணராஜேந்திர ஆஸ்பத்திரி என்ற பெரிய அரசாங்க வைத்தியசாலையும், புற்றுநோய்க்கென்றே இயங்கும் தனியார் ஆஸ்பத்திரியும், மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. கீமோ நடக்கும் இடத்தில் திரை மறைவில் ஒரு நாற்காலி, ஒரு நல்ல மின்சார மிஷின், வாரத்தில் இரண்டு நாள் வந்து போக மாதச் சம்பளம் பெறும் ஒரு நாவிதர், பெண்களுக்கென்று அழகு நிலையத்தில் தொழில் கற்ற ஒரு பெண் – இவ்வளவுதான் நான் கேட்பது. தெருமுனைச் சலூனில் நாலு பேர் வேடிக்கை பார்க்கத் தலையைக் கொடுப்பதற்கும், தன்னைப் போன்றவர்களையே தினமும் பார்த்துப் பழகிய கையில் கொடுப்பதற்கும் உள்ள பேதத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் கீமோவுக்கு முன்னால் ஒரு நர்ஸ் அரை மணி நேரம் நோயாளியோடும், முடிந்தால் அவளுடைய கணவனையோ மாமியாரையோ சேர்த்து உட்கார வைத்தும், எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும். அந்தப் பேச்சில் முடி திரும்ப வரும் விஷயத்தையும் ஒளிவு மறைவில்லாமல் சொல்ல வேண்டும்: சிகிச்சை முடிந்து ஒன்று முதல் மூன்று மாதங்களில் பூனைமயிர் போல அரும்பத் தொடங்கும், பிறகு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் வளரும், முன்பு நேராக இருந்தது சுருண்டும் கறுப்பாக இருந்தது நரைத்தும் வரக்கூடும், டோசிடாக்சல் பெற்றவர்களில் சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். 'வளர்ந்துவிடும்' என்று எல்லாருக்கும் ஒரேயடியாக வாக்குக் கொடுப்பது அந்தச் சிலருக்குச் செய்யும் வஞ்சனை.

பேசியதை ஞாபகப்படுத்த அச்சடித்த தாள் ஒன்றும் கையில் கொடுக்கலாம். கன்னடத்தில் மட்டும் இருந்தால் போதாது, தமிழிலும் உருதுவிலும் மலையாளத்திலும் வேண்டும், ஏனென்றால் மைசூர் ஆஸ்பத்திரிகளின் வராந்தாக்களில் இந்த நான்கு பாஷைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. தாளின் முன்பக்கத்தில், தலை எப்போது நோகத் தொடங்கும், முடி எந்த வாரத்தில் விழும், மிஷின் வைத்திருக்கும் நாவிதர் எந்தெந்த நாளில் வருவார் என்பவை பெரிய எழுத்தில் இருக்கட்டும். பின்பக்கத்தில், நடுராத்திரியில் காய்ச்சல் கண்டால் கூப்பிட வேண்டிய டெலிபோன் நம்பர்.